வானொலிக்கு மெசேஜா, கோலா, வட்ஸ்அப்பா? நேயரின் காசு எங்கே போகிறது

கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடையில்தான் என் நாள் போகிறது. ரீலோட் போடுவது, போட்டோ கொப்பி எடுப்பது, பெரியவர்களின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுப்பது. வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது வந்து இதே கேள்வியைக் கேட்பார்கள்: "தம்பி, நேத்துத்தானே நூறு ரூபா போட்டேன். ஒரு கோல்கூட எடுக்கல்ல. காசு எங்க போச்சு?"

போனை வாங்கி, அனுப்பிய மெசேஜ்களைத் திறந்து பார்த்தால் பல தடவை விடை அங்கேயே இருக்கும். போன மாதம் ஜிந்துப்பிட்டியிலிருந்து ஓர் அம்மா வந்தார். கல்யாணமாகி வெள்ளவத்தையில் இருக்கும் மகளுக்குப் பிறந்தநாள். காலை நிகழ்ச்சியில் வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு வானொலியின் நாலு இலக்கக் குறுகிய எண்ணுக்குத் தமிழில் மெசேஜ் போட்டிருக்கிறார். வாசிக்கவில்லை. திரும்பப் போட்டார். அதையும் வாசிக்கவில்லை. மூன்றாவது தடவையும் போட்டார். மூன்று மெசேஜ் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஆனால் காசு ஆறு தடவை வெட்டுப்பட்டிருந்தது. அது எப்படி என்று கீழே சொல்கிறேன்.

"அப்ப எதுல அனுப்பினா நல்லம்?" என்று அவர் கேட்டதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. கையில் என்ன போன் இருக்கிறது, எதற்காக அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து பதில் மாறும். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

ஒரு தடவை அனுப்ப எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் கணக்குப் பிழைக்கும். நான் பார்ப்பது இவற்றை:

- வரியோடு சேர்த்து ஒரு தடவைக்கு உண்மையில் எவ்வளவு வெட்டுகிறது
- வானலையில் பெயர் வருவதற்குள் எத்தனை தடவை முயல வேண்டியிருக்கும்
- அனுப்புவதற்கு முன்பே விலை தெரியுமா, அனுப்பிய பிறகுதான் தெரியுமா
- அனுப்பி முடித்த பின்னும் ஏதாவது தொடர்கிறதா: தினக் கட்டணம், தெரியாத ஆட்களின் அழைப்பு போன்றவை

இவற்றில் மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். விலை தெரிந்து ஒருவர் நூறு ரூபா செலவழித்தால் அது அவருடைய விருப்பம். மகளுடைய பெயரை வானொலியில் கேட்பது நூறு ரூபாவுக்குப் பெறுமதியான சந்தோஷம்தான். தெரியாமல் நூறு ரூபா போவது வேறு விஷயம்.

## குறுகிய எண்ணுக்குக் குறுஞ்செய்தி

நாலு இலக்க எண்ணுக்குப் போகும் மெசேஜ், நண்பருக்குப் போடும் மெசேஜ் அல்ல. இதற்குத் தனிக் கட்டணம். அந்தக் காசைத் தொலைபேசி நிறுவனம், நடுவில் இந்தச் சேவையை நடத்தும் நிறுவனம், வானொலி ஆகியோர் பங்கு பிரித்துக்கொள்வார்கள். உங்கள் பக்கேஜில் இருக்கும் 'இலவச எஸ்.எம்.எஸ்.' பொதுவாக இந்த எண்களுக்குச் செல்லாது. "எனக்குத்தான் ஃப்ரீ மெசேஜ் இருக்கே" என்று நம்பி அனுப்பியவர்கள்தான் என் கடைக்கு அதிகம் வருகிறார்கள்.

அதற்கு மேல் வரி. தொலைத்தொடர்பு வரி 2022இல் 15 சதவீதமானது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம். இவை இரண்டும் சேர்ந்தால் அடிப்படை விலையில் மூன்றில் ஒரு பங்கு. விளம்பரத்தில் 'வரி நீங்கலாக' என்று வேகமாக ஓடிப்போகும் சொல்லுக்குள் இருப்பது இதுதான். பேச்சுக்கு ஒரு மெசேஜ் 10 ரூபா என்று வைத்துக்கொண்டால், கையிலிருந்து போவது 13 ரூபாவுக்கு மேல்.

சரி, மூன்று மெசேஜ் எப்படி ஆறானது?

ஆங்கில எழுத்தில் அடித்தால் ஒரு மெசேஜில் 160 எழுத்துகள் வரை போகும். தமிழில் அடித்தால் 70தான். சிங்களத்துக்கும் இதே அளவுதான். தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் போனுக்கு அதிக இடம் வேண்டும். இன்னொன்று, போன் எழுத்தை எண்ணும் முறையும் நாம் எண்ணும் முறையும் வேறு வேறு. 'வாழ்த்துகள்' என்பதில் நமக்கு ஆறு எழுத்து: வா, ழ், த், து, க, ள். துணைக்காலும் புள்ளியும் உகரக் குறியும் போனுக்குத் தனித்தனி. அதனால் அதே சொல் அதன் கணக்கில் 11.

அந்த அம்மாவின் மெசேஜை அப்படியே எண்ணிப் பார்த்தேன். "வெள்ளவத்தை மகளுக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் அன்புடன் அம்மா, அப்பா, தம்பி, தங்கை". இடைவெளிகளோடு 83. எழுபதைத் தாண்டியதும் போன் அதை இரண்டாக உடைத்து அனுப்பிவிடும். மறுமுனையில் ஒட்டி ஒரே மெசேஜாகத்தான் தெரியும். காசு மட்டும் இரண்டுக்கும் போகும். உடைந்த துண்டுகளில் ஒவ்வொன்றிலும் 67 எழுத்துதான் கொள்ளும், மிச்ச இடம் ஒட்டுவதற்கான குறிப்புக்கு. நிகழ்ச்சியின் குறிச்சொல்லையும் (எந்த நிகழ்ச்சிக்கு என்று காட்ட மெசேஜில் சேர்க்கும் சொல்) மகளின் பெயரையும் நான் மேலே விட்டுவிட்டேன். அவற்றையும் சேர்த்தால் இன்னும் நீளும்.

இதையே "மகளுக்குப் பிறந்தநாள் வாழ்த்து. அம்மா, அப்பா" என்று சுருக்கினால் 44. பெயருக்கும் குறிச்சொல்லுக்கும் 26 மிஞ்சும், ஒரே மெசேஜில் முடிந்துவிடும். அறிவிப்பாளர் எப்படியும் தன் பாணியில் 'இனிய', 'அன்புடன்' எல்லாம் சேர்த்துத்தான் வாசிக்கப் போகிறார். நாம் ஏன் அதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களுக்கு 160 இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்க முடியாது. கடைசியில் ஒரு பூவோ இதயமோ சேர்த்தால் போதும், முழு மெசேஜும் 70 எழுத்துக் கணக்குக்கு மாறிவிடும். அந்தச் சின்னப் படமே பெரும்பாலும் இரண்டு எழுத்துக்கான இடத்தை எடுக்கும். வானொலியில் அந்தப் பூவை யாரும் வாசிக்கப் போவதுமில்லை.

அடுத்தது போட்டிகள். "எத்தனை மெசேஜ் வேண்டுமானாலும் அனுப்பலாம்" என்று சொன்னால் உடனே யோசிக்க வேண்டும். ஒரு வாழ்த்தை அனுப்பி முடித்தால் மனம் நிறையும். போட்டியில் அப்படி ஓர் எல்லை கிடையாது. இன்னொன்று போட்டால் கிடைத்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். என் கடைக்கு வரும் ஒரு பள்ளிக்கூடப் பையன் அம்மாவின் போனிலிருந்து ஒரே மாலையில் அந்த வார ரீலோட் முழுவதையும் இப்படி அனுப்பிவிட்டான். போட்டிக்கு மெசேஜ் போடுவதாக இருந்தால் எத்தனை என்று முதலே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் சொல்லும் எண் ஒன்று.

கண்ணில் படாத இன்னொரு செலவு தினக் கட்டணச் சேவை. சில குறிச்சொற்களை அனுப்பினால் வாழ்த்தோடு சேர்த்து ஏதோ ஒரு செய்திச் சேவையிலோ பாட்டுச் சேவையிலோ நம்மைப் பதிந்துவிடும். அன்றிலிருந்து தினமும் சில ரூபா வெட்டும். பதில் மெசேஜ் ஒன்று வரும், அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், யாரும் வாசிப்பதில்லை. ரீலோட் பாவிக்கிறவர்களுக்குப் பில் வருவதில்லை. அதனால் மாதக் கணக்கில் தெரியாமலே போகும்.

இவ்வளவு சொல்லிவிட்டு இதை வேண்டாம் என்று தள்ள மாட்டேன். பட்டன் போன் மட்டும் வைத்திருப்பவருக்கு, டேட்டா போடாதவருக்கு, வேலைத்தளத்தில் கோல் எடுத்துக் கதைக்க முடியாதவருக்கு இதுதான் வழி. விலையைக் கேட்டுக்கொண்டு, எழுபதுக்குள் சுருக்கி, ஒரே தடவை அனுப்பினால் பெரிய செலவு இல்லை. வானொலிகள் குறுகிய எண்ணைச் சொல்லும்போதெல்லாம் வரியோடு விலையையும் அதே சத்தத்தில், அதே நிதானத்தில், தமிழில் சொல்ல வேண்டும். எண்ணை மூன்று தடவை திருப்பிச் சொல்ல நேரம் இருக்கிறது என்றால் விலையை ஒரு தடவை சொல்லவும் நேரம் இருக்கும்.

## நேரடியாகக் கோல் எடுப்பது

கொழும்பு வானொலிகளுக்கு எடுக்கும் எண்கள் பெரும்பாலும் 011இல் தொடங்கும் சாதாரண எண்கள். தனிக் கட்டணம் கிடையாது, நிமிடக் கணக்குத்தான். மணி அடிக்கும்போதும், 'என்கேஜ்' சத்தம் வரும்போதும் காசு இல்லை. மறுமுனையில் எடுத்த நொடியிலிருந்து ஓடத் தொடங்கும்.

செலவு கூடுவது அந்த இடத்தில்தான். முதலில் எடுப்பவர் அறிவிப்பாளர் அல்ல, நிகழ்ச்சிக்கு உதவி செய்பவர். பெயர், ஊர், என்ன பாட்டு என்று கேட்டுவிட்டு "லைன்ல இருங்க" என்பார். அப்போது வானலையில் ஒரு பாட்டு போய்க்கொண்டிருக்கும். அது முடிய நாலைந்து நிமிடம். பிறகு விளம்பரம். உங்களுக்கு முன்னால் இன்னொரு நேயர் இருந்தால் அவர் கதைத்து முடிக்க வேண்டும். ஒரு நிமிடம் கதைக்க ஏழெட்டு நிமிடத்துக்குக் காசு போகும்.

அந்த உதவியாளரிடம் "நேரம் வரும்போது நீங்கள் எடுப்பீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். நம் நாட்டில் வரும் அழைப்புக்குக் காசு இல்லை. எல்லா இடத்திலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் கேட்பதில் தவறில்லை. உங்கள் பக்கேஜில் உள்ள நிமிடங்கள் ஒரே நெட்வேர்க்குக்கு மட்டுமா, எல்லா எண்ணுக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே நெட்வேர்க் நிமிடங்கள் வானொலியின் 011 எண்ணுக்குப் பெரும்பாலும் உதவாது.

எல்லா எண்ணுக்கும் நிமிடங்கள் உள்ள பக்கேஜ் உங்களிடம் இருந்தால் இதுதான் நல்ல வழி என்பேன். சொந்தக் குரலில் மகளின் பெயரைச் சொல்லலாம். லைன் கிடைத்துவிட்டால் வாசிப்பார்களா இல்லையா என்று காத்திருக்க வேண்டியதில்லை. வானலையில் சேர்த்தவுடன் பக்கத்தில் இருக்கும் றேடியோவின் சத்தத்தை மட்டும் அடக்கிவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் குரலே திரும்பிக் கேட்டு, அறிவிப்பாளர் கோலை வெட்டிவிடுவார்.

## வட்ஸ்அப்

ஸ்மார்ட் போனும் டேட்டாவும் ஏற்கெனவே இருந்தால் அனுப்பும் செலவு இல்லை என்றே சொல்லலாம். எழுத்தாக அனுப்பும் வாழ்த்துக்குப் போகும் டேட்டா கணக்கிலேயே வராது. ஒரு நிமிடக் குரல் பதிவுகூட ஒரு எம்.பி.யை எட்டாது. தமிழில் எவ்வளவு நீளமாக எழுதினாலும் இரண்டாக உடையாது, பூவும் போடலாம்.

இதில் சிக்கல் வேறு இடத்தில். அனுப்ப இலவசம் என்பதால் எல்லோரும் அனுப்புகிறார்கள். காலை நிகழ்ச்சி நடக்கும்போது அறிவிப்பாளரின் திரையில் மெசேஜ்கள் மேலே மேலே வந்து குவியும். பத்தோடு பதினொன்றாகப் போகாமல் இருக்க வேண்டுமானால் முந்தின நாளே அனுப்பி, எந்த நிகழ்ச்சி, எந்தத் திகதி என்று முதல் வரியிலேயே போடுங்கள். இருபது விநாடிக் குரல் பதிவாக இருந்தால் இன்னும் நல்லது. அதை அப்படியே ஒலிபரப்பவும் அவர்களுக்கு வசதி.

அடுத்தது உங்கள் எண்ணும் படமும் பெயரும். குறுஞ்செய்தியில் எண் மட்டும்தான் போகும். வட்ஸ்அப்பில் முகப்புப் படமும் சேர்ந்து போகும். பெண் பிள்ளைகள் அனுப்பும் முன் படத்தை 'தொடர்புகளுக்கு மட்டும்' என்று மாற்றிக்கொள்வது நல்லது, ஒரு நிமிட வேலை. அதேபோல வானொலியின் எண்ணை வானலையிலோ அவர்களின் சொந்தப் பக்கத்திலோ மட்டும் எடுங்கள். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது கேட்டால் அது வானொலி அல்ல. அந்த எண்ணைக் கொடுத்தால் உங்கள் வட்ஸ்அப்பே கைமாறிப் போகும்.

வானொலியை எதில் கேட்கிறீர்கள் என்பதும் செலவில் சேரும். பண்பலையில் கேட்டால் இலவசம். செயலியில் கேட்டால் டேட்டா. நொடிக்கு 64 கிலோபிட் (கே.பி.பி.எஸ்.) தரத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 29 எம்.பி., 128இல் ஓடினால் 58 எம்.பி. வாழ்த்து எப்போது வரும் என்று மூன்று மணி நேரம் செயலியில் காத்திருந்தால் போவது 87இலிருந்து 170 எம்.பி.க்கு மேல் வரை. சமூக ஊடகங்களுக்கு மட்டுமான டேட்டா போட்டிருப்பவர்களுக்கு வட்ஸ்அப் அதில் அடங்கும், வானொலிச் செயலி அடங்காது. அது முதன்மை மீதியிலிருந்து வெட்டலாம். பழைய சின்ன றேடியோ ஒன்று வீட்டில் இருந்தால் அனுப்புவதற்கு வட்ஸ்அப், கேட்பதற்கு றேடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

## பேஸ்புக் நேரலையில் எழுதுவது

வானொலியின் நேரலைக்குக் கீழே வாழ்த்து எழுதச் செலவில்லை, பார்க்கத்தான் செலவு. ஒரு மணி நேர நேரலைக் காணொளிக்கு நூற்றுக்கணக்கான எம்.பி. போய்விடும். நீங்கள் எழுதியதை உலகமே பார்க்கும். வீட்டில் வைஃபை இருந்தால், வெளிநாட்டுச் சொந்தங்களும் பார்க்க வேண்டும் என்றால் சரி. மற்றபடி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## கடிதம்

கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய வானொலிக்கு நேயர்கள் பல தலைமுறையாக எழுதியது தபாலில்தான். இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்தன. இன்று சாதாரணக் கடிதத்துக்கு முத்திரை 50 ரூபா. 2022 ஆகஸ்டில் 15 ரூபாவிலிருந்து ஒரே தாவலாக ஏறியது. பிறந்தநாள் வாழ்த்துக்கு இது ஒத்துவராது, நாள் தவறிப் போகும். ஒரு நிகழ்ச்சியைப் பற்றி நிதானமாக இரண்டு பக்கம் சொல்ல நினைப்பவருக்கு இன்றும் நல்ல வழிதான். பேனாவால் எழுதிய தாளை ஒருவர் கையில் எடுத்து முழுதாக வாசிப்பார்.

## ஒரே பார்வையில்

| வழி | அனுப்பும் செலவு | கண்ணில் படாத செலவு | யாருக்கு நல்லது |
|---|---|---|---|
| குறுகிய எண் மெசேஜ் | தனிக் கட்டணமும் வரியும் | தமிழில் 70ஐத் தாண்டினால் இரட்டிப்பு, தினக் கட்டணப் பதிவு | பட்டன் போன், டேட்டா இல்லாதவர் |
| கோல் | நிமிடக் கணக்கு | லைனில் காத்திருக்கும் நேரம் | எல்லா எண்ணுக்கும் நிமிடங்கள் உள்ளவர், சொந்தக் குரலில் சொல்ல விரும்புபவர் |
| வட்ஸ்அப் | இல்லை என்றே சொல்லலாம் | படமும் பெயரும் வெளியே போவது, போலி எண்கள், செயலியில் கேட்டால் டேட்டா | ஸ்மார்ட் போன் உள்ளவர், முந்தின நாளே அனுப்பக்கூடியவர் |
| பேஸ்புக் நேரலை | இல்லை | காணொளிக்கான டேட்டா | வைஃபை உள்ளவர் |
| கடிதம் | 50 ரூபா | நாள் கணக்கில் காத்திருப்பு | விரிவாக எழுத விரும்புபவர் |

ஜிந்துப்பிட்டி அம்மாவுக்கு நான் சொன்னது இது: அடுத்த பிறந்தநாளுக்கு முந்தின நாளே பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வட்ஸ்அப்பில் உங்கள் குரலைப் பதிந்து அனுப்புங்கள். அந்தப் பிள்ளை வீட்டில் இல்லையென்றால் உங்கள் போனிலிருந்து சுருக்கமாக ஒரே ஒரு மெசேஜ். வாசிக்கவில்லை என்றால் மகளுக்கே கோல் எடுத்துவிடுங்கள்.

## காசு இப்போதே வெட்டுப்படுகிறது என்றால்

முதலில் மீதியைப் பார்த்து எழுதி வையுங்கள். அன்று முழுவதும் போனைத் தொடாமல் வைத்து, மறுநாள் அதே நேரத்தில் திரும்பப் பாருங்கள். குறைந்திருந்தால் ஏதோ ஒரு சேவையில் பதிந்திருக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்து, "என் எண்ணில் என்னென்ன கட்டணச் சேவைகள் இயங்குகின்றன, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்காத சேவைக்குக் காசு போயிருந்தால் திருப்பித் தரச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, கூச்சப்பட வேண்டியதில்லை. அங்கே சரிவராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900இல் முறையிடலாம். தமிழில் கதைக்க வேண்டும் என்று முதலே சொல்லிவிடுங்கள்.

முறையிடும்வரைக்கும் அந்த மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். எந்த எண்ணுக்கு, எந்த நேரத்தில், எத்தனை தடவை போனது என்பதற்கு உங்களிடம் உள்ள சாட்சி அதுதான்.